ஃப்ரூட்டாவில் யாரும் இல்லை, மரங்கள் இருக்கின்றன

உறவுகளுக்கு வணக்கம்.

செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கேபிடல் ரீஃப் தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம். செம்மலைகளைப் பார்க்கத்தான் போனது. ஆனால் வீடு திரும்பிய பிறகும் மனசை விட்டுப் போகாமல் இருப்பது அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த ஃப்ரூட்டா என்ற குட்டி ஊர். மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் உண்டாக்கியது. எந்தக் காலத்திலும் பத்துக் குடும்பங்களைத் தாண்டியதில்லை.

ஊருக்குக் கிழக்கே, சாலையோரத்தில், எலைஜா கட்லர் பெஹுனின் 1880-களின் தொடக்கத்தில் கட்டிய கல்வீடு நிற்கிறது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். ஒரே அறை. அவருக்கு மொத்தம் 13 பிள்ளைகள். பெற்றோரும் கடைக்குட்டிகள் இருவரும் உள்ளே படுக்க, பெண்பிள்ளைகள் வெளியே நின்ற வண்டிக்குள்ளும், பையன்கள் பின்னால் இருக்கும் பாறைக் குடைவிலும் தூங்குவார்களாம். அதையும் ஃப்ரீமான்ட் ஆற்று வெள்ளம் விட்டுவைக்கவில்லை. ஒரு வருடத்திலேயே விட்டுவிட்டு மேற்கே நகர்ந்து ஃப்ரூட்டாவுக்கு வந்துவிட்டார்கள்.

வந்த இடத்தில் பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்ததும் பெஹுனின்தான். முதல் டீச்சர் அவர் மகள் நெட்டி. அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது 12! முதலில் வீட்டிலேயே வகுப்பு நடந்தது. 1896-ல் மரக்கட்டைகளை அடுக்கிப் பள்ளியைக் கட்டினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெஞ்சுகள் தெரிகின்றன. ஆரம்பத்தில் அவற்றைத் தரையோடு ஆணியடிக்காமல் விட்டிருந்தார்கள். ஓரமாகத் தள்ளிவிட்டால் அதே அறையில் ஞாயிறு வழிபாடு, ஊர்க் கூட்டம், நடனம் எல்லாம் நடக்கும். இந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பிள்ளைகள் குறைந்து 1941-ல் பள்ளியை மூடிவிட்டார்கள்.

கிஃபோர்ட் குடும்பம் 1928-லிருந்து 41 வருடம் அங்கே இருந்தது. 1969-ல் பூங்காத் துறைக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். அதோடு ஊர் காலி. அவர்கள் வீடு இப்போது சின்ன அருங்காட்சியகம். ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ (pie) என்ற பலகாரமும் அங்கே விற்கிறார்கள். சூடாக இல்லாவிட்டாலும் அவ்வளவு ருசி.

ஆனால் பழமரங்களைப் பட்டுப்போக விடவில்லை. செர்ரி, ஆப்ரிகாட், பீச், பேரி, ஆப்பிள் என்று ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. பூங்காத் துறையே நீர் பாய்ச்சி, கவாத்து செய்து பார்த்துக்கொள்கிறது. தோட்டத்துக்குள் நின்று சாப்பிடும் பழத்துக்குக் காசு கிடையாது. எடுத்துப் போவதை மட்டும் தராசில் நீங்களே நிறுத்துப் பெட்டியில் பணம் போட வேண்டும். என் மகள் ஏணியில் ஏறிப் பறித்த முதல் ஆப்பிளை யாருக்கும் தராமல் கடைசி வரை தானே தின்று முடித்தாள்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் செப்டம்பர் கணக்கில் போங்கள். பழம் பறிக்கத் திறந்துவிட்ட தோட்டத்தில் அதற்கென்று பலகை வைத்திருப்பார்கள், பார்த்துவிட்டு உள்ளே நுழையுங்கள்.