புதுப்பிப்பு: மார்வாரிக்கு வெஸ்டர்ன் சேணம் பொருந்தாத கதை

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய மார்வாரிப் (ராஜஸ்தான் இனம்) பெண்குதிரை, வெஸ்டர்ன் சேணத்தை, அதாவது அமெரிக்க கௌபாய் பாணிச் சேணத்தைக் கண்டாலே கடிக்க வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கெட்ட பழக்கம் என்றார்கள் சிலர். பழக்கம் இல்லைங்க, வலி.

கோபிப் பக்கமிருந்து வந்து பார்த்த பெரியவர், "விரிப்பை எடுத்துட்டு வெறும் முதுகுல வை சாமி" என்றார். அப்போதுதான் தெரிந்தது. என் சேணத்தின் உள்சட்டம் அகலமான அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைக்கானது, முன்பக்க இடைவெளி 7 அங்குலம். மார்வாரிக்கு முதுகு ஒடுக்கம், பிடரி முடியும் இடத்தில் மேடு உயரம். சேணம் முன்னால் அமிழ்ந்து மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் நுழைய வேண்டும், ஒன்றுகூட நுழையவில்லை. நானோ இரட்டை விரிப்பு போட்டு இன்னும் நெருக்கியிருக்கிறேன். பாவம், வாயில்லா ஜீவன்.

இன்னொரு தவறு, தோள்பட்டை எலும்பின் மேலேயே சேணத்தைக் கட்டியது. காலெடுத்து வைக்கும்போதெல்லாம் எலும்பு சட்டத்தில் இடித்திருக்கும். இப்போது முன்னால் வைத்து, தானாக நிற்கும் இடம்வரை பின்னால் நகர்த்துகிறேன்.

ஆறரை அங்குலச் சட்டமுள்ள சேணத்துக்கு மாறியாயிற்று. இருக்கையும் எனக்குச் சரி, தொடைக்கும் சேணத்தின் முன்பக்கப் புடைப்புக்கும் நடுவே நாலு விரல் இருக்கிறது.

நேற்று வாய்க்கால் கரையில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். முன்பு மேட்டின் இருபுறமும் சேணம் அழுத்தியதால் வேர்க்காமல் உள்ளங்கையளவு காய்ந்து கிடந்த இடத்தில், இப்போது வேர்வை சீராக நனைந்திருந்தது. வார் இறுக்கும்போதும் நுனி தொட்டுக்கொள்ளும் அந்த மார்வாரிக் காதுகள் கோபத்தில் பின்னால் மடங்கவே இல்லை.