புதுப்பிப்பு: சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு, தனியாளாக

சென்னை வேலையை விட்டுத் தூத்துக்குடிக்குப் போகலாமா, கல்யாணமாகாத பெண்ணுக்கு அங்கே வீடு கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். வந்து சேர்ந்துவிட்டேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வீடு தேடியதுதான் பெரும்பாடு. "ஃபேமிலிக்கு மட்டும்தாம்மா" என்பதே பல இடங்களில் பதில். கடைசியில் அலுவலக அக்கா ஒருவர் கூடவே வந்து பேசியதும் பிரையண்ட் நகரில் மாடி வீடு அமைந்தது. தரகரைவிடத் தெரிந்தவர் வாய்ச்சொல்லுக்கு இங்கே மதிப்பு அதிகம். வீடு பார்க்கப் போனால் குழாய்த் தண்ணீரை ஒரு வாய் வைத்துப் பாருங்கள், போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அப்புறம், 2023 டிசம்பர் வெள்ளம் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். எதிர்வீட்டு ஆச்சி சுவரில் கை வைத்தே காட்டினார், என் முட்டிக்கு மேல். கீழ்த்தளம் வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தேன்.

அம்மா நினைப்பு வந்தால் முத்துநகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். போகும்போது முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்த மக்ரூன் வாங்கிப் போகிறேன். டப்பாவை அழுத்தி அடுக்காதீர்கள், பொடிந்துவிடும்.

மாலையில் கடற்கரையில் தனியாக நடக்கப் பயமில்லை, குடும்பங்கள் நிறைய வருகின்றன. ஞாயிறு மதியம் மட்டும் இன்னும் கனக்கிறது. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு ஆச்சி கூப்பிட்டிருக்கிறார். கண்டிப்பாகப் போகிறேன்.