கீமோ முடிந்து 10 மாதம் ஆகிவிட்டது, மாதவிலக்கு இன்னும் வரவில்லை. இனி வருமா?

மழைத்துளி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 32. இடது மார்பில் புற்றுநோய், ட்ரிப்பிள் நெகட்டிவ் வகை, அதாவது ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படாதது. முதலில் டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்த கீமோ 4 முறை. பிறகு வாராவாரம் பேக்லிடாக்சல், 12 வாரம். அதற்கப்புறம் ஆபரேஷன், ரேடியேஷன். எல்லாம் முடிந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது கீமோவோடு மாதவிலக்கு நின்றது. கடைசி கீமோ ஏறி 10 மாதம் ஆகிறது. முடி வந்துவிட்டது, புருவம் வந்துவிட்டது, விரல் நுனியில் இருந்த மரப்புகூடப் பாதி போய்விட்டது. இது மட்டும் வரவில்லை.

போன மாதம் ஒரு நாள் நடுராத்திரியில் அடிவயிற்றில் அந்தப் பழைய வலி. இத்தனை வருடம் மாதாமாதம் பழகிய வலி, எனக்குத் தெரியாமலா போகும்? எழுந்து பாத்ரூமுக்கு ஓடினேன். லைட்டைப் போட்டுப் பார்த்தால் ஒரு பொட்டுகூட இல்லை. அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் கேட்டு வந்த என் கணவர் எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கீமோவுக்கு முதல் நாள் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்த நாப்கின் இன்னும் அங்கேதான் இருக்கிறது. உறை ஓரமெல்லாம் பிய்ந்துவிட்டது. எடுத்துப் போட மனசு வரவில்லை.

ராத்திரியில் இரண்டு மூன்று முறை நெஞ்சிலிருந்து கழுத்து வழியாக முகம் வரை குப்பென்று சூடு ஏறுகிறது. நைட்டி நனைந்துவிடும். ஐந்தே நிமிடத்தில் குளிரும்.

ரத்தப் பரிசோதனையில், முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். அளவிட முடியாத அளவுக்குக் குறைவு. சினைப்பை சோர்ந்தால் ஏறும் எஃப்.எஸ்.ஹெச். 48. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "இனிமே கஷ்டம்மா. உயிர் பிழைச்சு வந்தீங்களே, அதை நினைச்சு சந்தோஷப்படுங்க" என்றார். சந்தோஷம்தான், தினமும் நினைக்கிறேன். ஆனால் குழந்தை வேண்டும் என்று நான் கேட்டது பேராசையா? கீமோவுக்கு முன்னால் கையெழுத்து வாங்கிய தாளில் "மாதவிலக்கில் மாற்றம் ஏற்படலாம்" என்று ஒரு வரி இருந்தது. கருமுட்டையை எடுத்து உறைய வைக்கலாம் என்று ஒருவர்கூட வாய் திறந்து சொல்லவில்லை.

இந்த ரிப்போர்ட்தான் முடிவா? வந்தால் எத்தனை மாதத்தில் வரும்? வராமலேயே கரு தங்குமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

நித்திலம்:

படிச்சதும் மனசு கனத்துப்போச்சு மா. எனக்கு 26 வயசுல ஹாட்ஜ்கின் லிம்போமாங்கிற நிணநீர்ப் புற்றுநோய், ஏ.பி.வி.டி.ங்கிற நாலு மருந்து சேர்ந்த கீமோ. நடுவுல நின்னு, முடிஞ்சு 7வது மாசம் திரும்ப வந்தது. ஆனா என்னோட கணக்கை வச்சு நீங்க உங்களை அளக்காதீங்க. எனக்குப் போட்டதுல சைக்ளோபாஸ்பமைடு கிடையாது. சினைப்பையை ரொம்பப் படுத்துற மருந்து அதுதான்னு என் டாக்டர் சொன்னாங்க. மருந்து, எத்தனை டோஸ், வயசு, இந்த மூணையும் பார்க்காம யாராவது "எனக்கு வந்துச்சு, உனக்கும் வந்துடும்"னு சொன்னா அதைக் காதுல போட்டுக்காதீங்க.

அந்திவானம்:

தங்கை, உங்களுக்குப் போட்ட அதே மருந்துகள்தான் எனக்கும், 33 வயதில். எனக்கு 14 மாதம் கழித்துத்தான் வந்தது. அந்த 14 மாதமும் நான் என்ன தெரிந்துகொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேனோ, அதை எழுதுகிறேன்.

சினைப்பையில் முட்டைகள் இரண்டு நிலையில் இருக்கும். கொஞ்சம் வளரத் தொடங்கிவிடும், மீதியெல்லாம் உறக்கத்தில் கிடக்கும். வேகமாகப் பிரியும் செல்களைக் கீமோ அடிப்பதால், வளர்கிறவை உடனே அழிந்துவிடும். மாதவிலக்கு சட்டென்று நிற்பது அதனால்தான். சைக்ளோபாஸ்பமைடு உறங்குகிறவற்றையும் தொடும். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. மிஞ்சியவற்றில் ஒன்று விழித்து வளர்ந்து முதிர்வதற்கே பல மாதங்கள் ஆகும். அதனால் முதல் வருடம் வெறுமையாகப் போவது வழக்கத்துக்கு மாறானது இல்லை. இந்த மருந்துகள் போட்டுக்கொண்டவர்களில் 35 வயதுக்குள் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு மாதவிலக்கு திரும்பிவிடுகிறது. சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் வரும். இரண்டு வருடம் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

ஏ.எம்.ஹெச். சுரப்பதே வளரத் தொடங்கிய அந்தச் சிறு முட்டைப்பைகள்தான். அவற்றைக் கீமோ துடைத்துவிட்ட காலத்தில் எடுத்தால் அளவு குறைவாகத்தான் காட்டும். அந்த ஒரு தாளை வைத்து "இனிமே கஷ்டம்" என்று ஒரு பெண்ணிடம் சொல்லி அனுப்பியது தப்பு. உங்கள் வலியைவிட அந்த அவசரம்தான் எனக்குக் கோபம் தருகிறது. எஃப்.எஸ்.ஹெச்.சையும் சில வாரம் இடைவெளி விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், கூடவே பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் அளவைக் காட்டும் எஸ்ட்ராடியாலையும். தைராய்டு, புரோலாக்டின் இரண்டையும் விட்டுவிடாதீர்கள், அவற்றாலும் மாதவிலக்கு நிற்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் கர்ப்பப் பரிசோதனை.

ஆமாம், கர்ப்பப் பரிசோதனைதான். முட்டை வெளியேறி இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிலக்கு வரும். அப்படியென்றால் திரும்பி வரும் முதல் முட்டை, உங்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாமலேயே வந்து போகும். அந்தச் சமயத்தில் கரு தங்கலாம். சினைப்பை செயலிழந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களிலேயே 100-க்கு 5 முதல் 10 பேர் தானாகக் கருவுறுகிறார்கள். "இனி எனக்கு எங்கே" என்று பாதுகாப்பை விட்டுவிடாதீர்கள். உங்கள் ஆன்காலஜிஸ்ட் சரி என்று சொல்லும்வரை ஆணுறையோ காப்பர் டி-யோ அவசியம். நோய் திரும்பும் அபாயம் முதல் சில வருடங்களில் அதிகம் என்பதால் பொதுவாக இரண்டு வருடம் காத்திருக்கச் சொல்வார்கள். டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது, அதனால் கருத்தரிக்கும் முன் இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள். பிரசவத்தில் இதயத்துக்குச் சுமை கூடும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பானது. எனக்கு வந்த மாதவிலக்கு மூன்றே வருடம்தான் இருந்தது, 37-ல் நின்றுவிட்டது. வந்துவிட்டதே என்று நான் நிதானமாக இருந்துவிட்டேன். மாதவிலக்கு திரும்புவது வேறு, முன்பிருந்த அளவு முட்டை இருப்பது வேறு. கையிருப்பு குறைந்திருக்கும், காலமும் குறைவு. ஆகவே உங்களுக்கு வந்தால் அந்த வாரமே கருத்தரிப்பு மருத்துவரிடம் போய், முட்டையை எடுத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

எலும்பையும் கவனியுங்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் போகும் ஒவ்வொரு மாதமும் எலும்பு கரையும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று, வைட்டமின் டி அளவு, தினமும் நடை. இந்தச் சூட்டுக்கு ஹார்மோன் மாத்திரை தரலாமா என்பதை மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் ஆன்காலஜிஸ்ட் இல்லாமல் முடிவு செய்யவே கூடாது. ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன.

கரைவிளக்கு:

நான் ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளரும் வகைப் புற்றுநோய். அந்த ஹார்மோனைத் தடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறேன். என்னைப் போன்றவர்கள் படித்தால் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். டாமாக்சிஃபெனும் மாதவிலக்கைத் தாறுமாறாக்கும், சிலருக்கு நிறுத்தியே விடும். ஆனால் அது கருத்தடை மாத்திரை இல்லை. அதைச் சாப்பிடும்போது கரு தங்கினால் குழந்தைக்குக் கேடு. 2023-ல் வெளியான பாசிட்டிவ் என்ற ஆய்வில், 18 முதல் 30 மாதம் ஹார்மோன் மருந்து எடுத்த பெண்கள் கருத்தரிப்பதற்காக இரண்டு வருடம் வரை அதை நிறுத்தினார்கள். மூன்று வருடத்துக்கு மேல் கவனித்துப் பார்த்ததில் அவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பவில்லை. அதற்கப்புறமான வருடங்களை இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். மருந்தை விட்டு 3 மாதம் கழித்துத்தான் அவர்களை முயற்சி செய்ய விட்டார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இதை யாராவது கீமோ தொடங்கும் முன் படிக்கிறீர்களா? இன்றைக்கே கேளுங்கள். முட்டை எடுத்து உறைய வைக்க ஏறக்குறைய இரண்டு வாரம் போதும். மாதவிலக்கின் எந்த நாளிலும் தொடங்கலாம். ஹார்மோன் பாசிட்டிவ் என்றால் லெட்ரோசோல் என்ற மாத்திரையைச் சேர்த்து ஈஸ்ட்ரோஜனை அடக்கியபடி செய்வார்கள். கீமோவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து மாதாமாதம் கோசரெலின் ஊசி போட்டுச் சினைப்பையை உறங்க வைக்கும் முறையும் உண்டு.

நித்திலம்:

என்கூட சிகிச்சையில இருந்த ஒரு அக்காவுக்குக் கடைசிவரைக்கும் வரலை. இன்னொருத்தர் கொடுத்த கருமுட்டையில கருத்தரிச்சாங்க. கீமோ கருப்பையை அவ்வளவா கெடுக்காது, இடுப்புப் பகுதியில ரேடியேஷன் வாங்கினவங்களுக்குத்தான் அதுல சிக்கல். "முதல் ஆறு மாசம் என் குழந்தையான்னு யோசிச்சேன், அது உள்ள உதைச்ச அன்னைக்கு அந்த யோசனை நின்னுபோச்சு"ன்னு சொன்னாங்க. இப்பவே இதை யோசிக்கணும்னு இல்லை மா. வழி ஒண்ணோட முடியலைன்னு மட்டும் சொல்றேன்.

மழைத்துளி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அந்திவானம் அக்கா, நீங்கள் எழுதியதை அப்படியே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் தாளை வாங்கி முழுவதும் படித்தார், அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது. கர்ப்பப் பரிசோதனை நெகட்டிவ். தைராய்டு சரி. எஃப்.எஸ்.ஹெச். இந்த முறை 31.

உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் எடுத்தார். திரையை என் பக்கம் திருப்பி, வலது சினைப்பையில் இரண்டு சின்னக் கறுப்புப் புள்ளிகளைக் காட்டினார். மிளகைவிடச் சின்னது. "இதை வச்சு நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனா இங்க எதுவுமே இல்லைன்னு யாரும் சொல்லவும் முடியாது" என்றார். 13வது மாதத்தில் மறுபடி ஏ.எம்.ஹெச். பார்க்கலாம், புள்ளிகள் கூடினால் உடனே முட்டை எடுக்க முயலலாம் என்றார். என் ஆன்காலஜிஸ்டிடம் அவரே போனில் பேசினார். எக்கோ அடுத்த திங்கட்கிழமை.

சூட்டுக்குக் கபாபென்டின் ராத்திரிக்கு ஒன்று கொடுத்திருக்கிறார். நாலு நாளாக ஒரு முறைதான் விழிக்கிறேன்.

டெக்ஸாவும் எடுத்தேன். இடுப்பு எலும்பு பரவாயில்லை, முதுகெலும்பில் அடர்த்தி கொஞ்சம் குறைவு, அதைக் காட்டும் டி ஸ்கோர் மைனஸ் 1.6 என்று இருக்கிறது. எடை தூக்கும் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். ஆபரேஷன் செய்த பக்கம் அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருக்கிறார்கள், அந்தக் கையில் எடை தூக்கினால் வீங்குமோ என்று பயமாக இருக்கிறது. இப்படிச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை கிலோவில் தொடங்கினீர்கள்?