செவித்திறன் இல்லாத மாணவிக்கு நடிப்புத் துறை: அபிநயாவின் தொடக்க காலம் பற்றி ஒரு கேள்வி

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

பாலக்காடு மாவட்டத்திலுள்ள எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆண்டுவிழா நாடகத்தில், எதிரில் நிற்பவள் பேசுவதற்காக மூச்சை இழுக்கும்போது தோள் உயர்வதையும், பேசி முடித்ததும் அது தாழ்வதையும் பார்த்தே தன் முறையை அறிந்து நடித்தாள். ஓர் இடத்திலும் தவறவில்லை. நடிகையாக வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுடைய அப்பாவோ, "வாய் பேசாத பிள்ளைக்கு ஊமை வேஷத்தைத் தவிர வேறென்ன கொடுப்பார்கள்?" என்கிறார். இவளைப் போலவே காது கேளாத, வாய் பேசாத நடிகை அபிநயாவுக்குத் தொடக்கத்தில் எத்தகைய வேடங்கள் கிடைத்தன என்று அறிந்தவர்கள் சொன்னால், அந்த அப்பாவிடம் பேச எனக்கு உதவியாக இருக்கும்.

பதில்: நகரி வாசகர்

வணக்கம் டீச்சர். அந்த அப்பாவின் கேள்விக்கு அபிநயாவின் முதல் பெரிய வாய்ப்பே பதில். 2009-இல் சமுத்திரக்கனி இயக்கிய 'நாடோடிகள்' படத்தில் அவர் சசிகுமாரின் தங்கையாக வந்தார்; அது மற்றவர்களைப் போலப் பேசிப் பழகும் பெண்ணின் வேடம். அதற்காகத் துணை நடிகைக்கான பிலிம்பேர் விருதும் பெற்றார். மறு ஆண்டே அதன் தெலுங்கு வடிவமான 'சம்போ சிவ சம்போ'விலும், 2011-இல் கன்னட வடிவமான 'ஹுடுகரு'விலும் நடித்தார். வாய் பேசாத பெண்ணாக அவர் நடித்த 'ஈசன்' 2010 இறுதியில்தான் வந்தது. பேசும் வேடம் முந்தி, பேசாத வேடம் பிந்தி என்ற இந்த வரிசையை அந்த அப்பாவுக்குச் சொல்லுங்கள்.

பதில்: பாலக்காட்டு ஒலிக்கூடத்தில் வேலை பார்த்தவர்

வாய் பேசாதவர் பேசும் வேடத்தில் நடிப்பது எப்படிச் சாத்தியமானது என்பதையும் அந்த அப்பா அறிய வேண்டும். தமிழிலும் தெலுங்கிலும் நன்றாகப் பேசத் தெரிந்த நாயகிகளுக்கே வேறொருவர் டப்பிங் கொடுப்பது நெடுநாளைய வழக்கம் என்பதால், அபிநயாவுக்கும் அப்படிக் கொடுத்ததைச் சலுகை என்று யாரும் சொல்ல முடியாது. நடிப்பவருடைய பொறுப்பு, வசனத்தின் உணர்ச்சியோடு உதட்டசைவையும் சரியாகத் தருவதுதான். ப, ம என்ற எழுத்துகளில் உதடு மூடவேண்டிய இடத்தில் மூடிவிட்டால், குரல் கொடுப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். மூடாமல் விட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு உடனே உறுத்தும். மாணவியைக் கண்ணாடி முன் நிற்க வைத்து, ஒரே வசனத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறிப் பழக்குங்கள். படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்யும் முறை இப்போது பெருகி வருவது இவர்களுக்கு இடைஞ்சல்தான். ஆனாலும் 2024-இல் ஜோஜு ஜார்ஜ் இயக்கிய மலையாளப் படமான 'பணி'யில் அவருக்கு மனைவியாக அபிநயாவே நடித்தார்.

பதில்: சித்தூர் தாலுகா வாசகர்

படிப்பை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள் டீச்சர். திருவனந்தபுரத்தில் உள்ள நிஷ் (NISH) என்ற தேசியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் செவித்திறன் குறைந்தவர்களுக்கென்றே நுண்கலைப் பட்டப்படிப்பு நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அங்கே விண்ணப்பிக்கலாம்.

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பாவை வரச்சொல்லி, 'நாடோடிகள்' படத்தில் தங்கை வரும் காட்சிகளை முதலில் ஒன்றும் சொல்லாமலே போட்டுக் காட்டப் போகிறேன். உதட்டசைவுப் பயிற்சிக்கு எங்கள் பக்கம் வந்து ஒரு நாள் வழிகாட்டக்கூடிய டப்பிங் கலைஞர் யாரேனும் இருந்தால், இங்கேயே தெரிவியுங்கள்.