அலுவலகக் காதல் தொடர்களில் அந்தத் தவிப்பு எங்கிருந்து வருகிறது?

ராயபுரம் ரயிலடி:
முதலாளிக்கும் உதவியாளருக்கும் காதல் வரும் கொரியத் தொடர்களைப் பற்றி நேற்று இங்கே ஒருவர், "தடையை வைத்தே ஓட்டுகிறார்கள், சலிக்கிறது" என்று எழுதியிருந்தார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தடை இருப்பதால்தான் சும்மா பார்க்கிற பார்வைகூட நமக்கு முக்கியமாகிறது. பூங்காவில் கை பிடித்தால் அது ஒரு காட்சி, அவ்வளவுதான். மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் ஃபைலை நீட்டும் விரல் கொஞ்சம் தாமதித்தால் நமக்கே படபடக்கிறது. 1972-இல் வந்த வசந்த மாளிகையிலும் ஜமீன் வீட்டு சிவாஜிக்குச் செயலாளராகத்தானே வாணிஸ்ரீ வருகிறார்? அந்தச் சம்பள உறவை எடுத்துவிட்டால் பாதிக் கதை போய்விடும்.

எம்.சி. ரோடு அக்கா:
தம்பி, நீங்கள் சொல்கிற கதைகளில் மாட்டிக்கொண்டால் அவருக்குக் கெட்ட பேர், இவளுக்கு வேலையே போகும். இந்த வித்தியாசத்தைப் பாட்டும் லைட்டிங்கும் போட்டு மறைப்பதுதான் எனக்குக் கோபம். வண்ணாரப்பேட்டையில் புடவைக் கடையில் வேலை பார்த்தவள் நான். ஆணும் பெண்ணும் நின்று பேசினாலே சூப்பர்வைசர் வந்துவிடுவார். நாள் பூராவும் நிற்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரணும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியதே 2021-இல்தான். அங்கேயும் காதல் இருந்தது. பிரித்துப் போட்ட பட்டுப்புடவையை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு ஒரு முனை. முனைகள் சேரும்போது ஒரு வார்த்தை பேசிக்கொள்வார்கள். மிச்சத்தைப் பேச அடுத்த புடவை வரவேண்டும். இந்தத் தவிப்பை அங்காடித் தெரு (2010) காட்டியது. அங்கே இரண்டு பேருக்கும் ஒரே பயம், அதனால் நம்ப முடிந்தது.

காசிமேடு வாசகன்:
அக்கா சொல்வது நியாயம். ஆனால் மேலதிகாரி காதலித்தாலே குற்றம் என்கிற மாதிரி போகவேண்டாம். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடக் காதலைத் தடுக்கவில்லை, பெண் விரும்பாத நெருக்கத்தைத்தான் தடுக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் புகார்க் குழு வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. நம் தொடர்களில் அந்தக் குழு எங்கே வருகிறது? அவள் வேண்டாம் என்ற பிறகும் அவன் பின்னாலேயே சுற்றுவான், பத்து எபிசோடு கழித்து அதுவே காதல் ஆகிவிடும்.

ராயபுரம் ரயிலடி:
துரத்தலை நானும் ரசிப்பதில்லை. அதற்காக முதலாளி காதலையே ஒதுக்கிவிட முடியுமா? நன்றாக எழுதினால், அதிகாரம் கையில் இருப்பவன் அதைப் பயன்படுத்தாமல் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் போராட்டம் கிடைக்கும். சக ஊழியர் காதலில் அது வராது. நான் உட்கார்ந்து பார்ப்பதே அதற்காகத்தான்.

எம்.சி. ரோடு அக்கா:
அவன் கட்டுப்படுத்திக்கொள்கிறான், சரி. அந்த ஆறு மாதமும் அவள் சம்பள உயர்வு யார் கையில்? லீவு யார் கையில்? அவன் அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அப்புறம் வந்து மனசைச் சொல்லட்டும். அப்படி ஒரு தொடர் இருந்தால் பேர் சொல்லுங்கள், இன்று ராத்திரியே பார்க்கிறேன். ஆனால் அந்தக் காட்சி கடைசி எபிசோடில் வரக்கூடாது, முதல் முத்தத்துக்கு முன்னால் வரணும்.