மறுமொழி: தங்கமீனுக்கு ‘மகோதரம்’ பொருந்துமா?

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தங்கமீன் வளர்ப்போருக்கான கையேட்டில், உடலில் நீர் தேங்கி வயிறு பெருத்துச் செதில்கள் எழும்பும் ‘டிராப்சி’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டுத் தோழி தொடங்கிய இழையில் இதுவரை மகோதரம், பெருவயிறு, நீர்க்கோவை என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் நம் மருத்துவ மரபில் ஊறியவை என்பதால் மறுக்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும், சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறை ஓரத்தில் 11 ஆண்டுகளாகத் தங்கமீன் வளர்த்து வருபவன் என்ற முறையில், இவற்றில் எதை எழுதினாலும் படிப்பவர் மீனின் உடலில் பார்க்க வேண்டிய இடத்தை விட்டு வேறோர் இடத்தைப் பார்ப்பார் என்ற கவலை எனக்கு உண்டு.

நீர்க்கோவையை முதலில் விலக்கிவிடலாம். அச்சொல்லைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வருவது, பாட்டி மாத்திரையை இழைத்து நெற்றியில் போட்ட பற்றுதான். சளியோடும் தலைபாரத்தோடும் ஒட்டிக்கொண்ட சொல்லை மீனுக்கு மாற்றுவது வீண் குழப்பம்.

மகோதரமும் பெருவயிறும் அப்படி எளிதில் தள்ளக்கூடியவை அல்ல. மனிதருக்கு வயிற்றில் நீர் சேரும் நிலையைக் குறிப்பவை என்பதால், நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த டிராப்சிக்கு அவை நேர் இணை போலவே தோன்றும். இடர் என்னவென்றால், தங்கமீனின் வயிறு பெருக்கக் காரணங்கள் பல உள்ளன. பெண்மீன் சினைப்பட்டிருக்கலாம், உணவு மிகுந்து மலம் கட்டியிருக்கலாம், உள்ளே கட்டி வளர்ந்திருக்கலாம். ஒராண்டா, ரியூகின் போன்ற குட்டை உடல் தங்கமீன் வகைகளுக்கு வயிறு இயல்பிலேயே உருண்டைதான். பெருவயிறு என்று கையேட்டில் அச்சிட்டால், பாதிப் பேர் நலமாயிருக்கும் மீனுக்கு மருந்து கொடுப்பார்கள். மீதிப் பேர் நோயுற்ற மீனைப் பட்டினி போட்டுக் காத்திருப்பார்கள்.

அந்த இரண்டாம் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன். என் மகள் வளர்த்த ஒராண்டாவின் வயிறு சற்றுப் பெருத்தபோது, தீனி கூடிவிட்டது என்று நானே முடிவு கட்டி, மூன்று நாள் உணவை நிறுத்தினேன். நான்காம் நாள் காலையில் தொட்டியின் மூடியைத் திறந்து மேலிருந்து பார்த்தபோதுதான், முதுகின் இரு பக்கமும் செதில்களின் நுனி உடலை விட்டு எழும்பி நிற்பது தெரிந்தது. பக்கவாட்டுக் கண்ணாடி வழியே அத்தனை நாளும் அது என் கண்ணில் படவே இல்லை. சிராங்கூன் நார்த் வட்டாரத்தில் வரிசையாக இருக்கும் மீன் கடைகளில் ஒன்றுக்குக் கைப்பேசிப் படத்தோடு போனேன். கடைக்காரர் படத்தை ஒரு கணம்தான் பார்த்தார். ‘ஷூலின்’ என்று சொல்லிவிட்டு, இடக்கையின் மேல் வலக்கை விரல்களைப் படிய வைத்து, பிறகு நுனிகளை மட்டும் மெல்லத் தூக்கிக் காட்டினார். நிமிர்ந்த செதில் என்பது அச்சீனச் சொல்லின் பொருள். ஜப்பானியரும் வயிற்றைச் சொல்வதில்லை; பைன் மரக் காயின் பெயரால் அந்நோயை அழைக்கிறார்கள். அவ்விரு மொழிகளும் கண்ணுக்குத் தெரிவதையே பெயராக்கியிருக்கின்றன. நாமும் அதையே செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

உடலுக்குள் நடப்பதைப் பார்த்தாலும் இது சரியாகவே இருக்கிறது. தங்கமீனின் குருதியில் ஏறத்தாழ 0.9 விழுக்காடு உப்பின் அளவுக்குச் செறிவு உண்டு. சுற்றியுள்ள நன்னீரிலோ உப்பு மிகக் குறைவு. ஆகவே செவுள் வழியாக நீர் ஓயாமல் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் அதை நீர்த்த சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஏரோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்த் தொற்றாலோ நெடுநாள் அம்மோனியா நச்சாலோ வேறு காரணத்தாலோ சிறுநீரகம் தளர்ந்தால், புகுந்த நீர் வயிற்றறையில் மட்டுமன்றி ஒவ்வொரு செதிலின் அடியிலுள்ள பைக்குள்ளும் தேங்கிச் செதிலை நெம்பி உயர்த்துகிறது. ஆக டிராப்சி என்பது தனியொரு நோயன்று, பல நோய்கள் வந்து முடியும் ஓர் அறிகுறி. காரணம் இன்னதென்று உறுதிப்படாதபோது உறுப்பின் பெயரால் நோய்க்குப் பெயரிடுவது பொருந்தாது.

எனவே என் பரிந்துரை: செதில் சிலிர்ப்பு.

முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்க்கிறது. சீக்குப் பிடித்த கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்குகிறது. உடலோடு படிந்திருக்க வேண்டியது நுனி தூக்கி நிற்பதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கும்போது, புதிதாகத் தேட வேண்டியதில்லை. மெய்சிலிர்ப்பு என்று மகிழ்ச்சிக்கும் வழங்குகிறதே என்று நம் குழுவின் சென்னை நண்பர் கேட்கக்கூடும். செதில் என்று முன்னே வந்துவிட்டால் அந்த ஐயம் எழாது என்று நினைக்கிறேன். ‘செதில் வீக்கம்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். முத்துச்செதில் என்னும் வகைத் தங்கமீனுக்குச் செதில் ஒவ்வொன்றும் பிறவியிலேயே சுண்ணம் படிந்து குமிழ்போல் புடைத்திருக்கும் என்பதால் அதை ஏற்க இயலவில்லை. புடைத்திருப்பது வேறு, நுனி எழும்புவது வேறு. சிலிர்ப்பு என்ற சொல் இரண்டாவதை மட்டுமே சொல்கிறது.

செதில் எழும்பாமல் வயிறு மட்டும் பெருப்பதற்கு ‘வயிற்றுப் புடைப்பு’ என்று தனியே எழுதலாம். உடலில் நீர் தேங்கும் செயலுக்கு, காலில் நீர் கோத்திருக்கிறது என்று நாம் அன்றாடம் சொல்வதை ஒட்டி, ‘நீர்கோத்தல்’ போதும்.

மருத்துவப் பகுதியிலும் ஒரு சொல்லைத் திருத்த வேண்டும். கையேட்டின் வரைவில் இரு வேறு பொருள்களுக்கும் வெறுமனே ‘உப்பு’ என்றே இருக்கிறது. லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை கரைப்பது சமையலுப்பு. அது வெளிநீரின் செறிவைக் கூட்டி, உள்ளே புகும் நீரைக் குறைத்துச் சிறுநீரகத்தின் சுமையை இறக்குகிறது. தேங்கிய நீரை வெளியே இழுப்பதற்கென்று பயன்படுத்துவது மக்னீசியம் சல்பேட். நம் முன்னோர் அதற்குப் பேதியுப்பு என்ற பெயரை வைத்திருக்கிறார்கள், அதையே எழுதலாம். நுண்ணுயிர்க்கொல்லியை நீரில் கலப்பதைவிட உணவில் சேர்ப்பது பலன் தரும் என்ற வரி வரைவில் சரியாகவே இருக்கிறது; நன்னீர் மீன் நீரை மிகக் குறைவாகவே குடிக்கிறது என்ற காரணத்தையும் சேர்த்தால் படிப்பவருக்கு விளங்கும். மருந்தையும் அளவையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாகத் தண்ணீரைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். இங்கே குழாய்நீரில் இருப்பது, குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிக்கொல்லியான குளோரமின். அதைக் ‘குளோரின் நீக்கி’ என்னும் மருந்தால் முறிக்கும்போது சிறிதளவு அம்மோனியா மிஞ்சும். வடிகட்டியில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் நிலைபெற்ற தொட்டியில் அது பொருட்டன்று. நானோ ஒராண்டா நோயுறுவதற்கு முந்தைய வாரம்தான் வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் அலசிப் பளிச்சென்று ஆக்கி, அந்த நுண்ணுயிர்களை அழித்திருந்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய அம்மோனியாச் சோதனைக் குப்பி பச்சையாக மாறியது. உப்பும் மருந்துணவும் கொடுத்தும் ஆறாம் நாள் மீன் இறந்தது. செதில் சிலிர்த்த பிறகு பிழைப்பது அரிது என்பதையும் கையேடு மறைக்காமல் சொல்லட்டும்.

சொற்புணர்ச்சி பற்றி ஒரு சொல். செதிலினது சிலிர்ப்பு என்று ஆறாம் வேற்றுமையாகக் கொண்டால், கல்லும் சுவரும் கற்சுவர் ஆவதுபோல, செதிற்சிலிர்ப்பு என்பதே இலக்கணப்படி வரும். ஆனால் கையேட்டைக் கையில் எடுப்பவர் பதற்றத்தில் இருப்பார். செதில் என்ற சொல் உருமாறாமல் கண்ணில் படட்டும் என்று பிரித்தே எழுதப் பரிந்துரைக்கிறேன். புலவர்கள் பொறுத்தருள வேண்டும்.

வரைவின் நான்காம் பக்கத்திலுள்ள படம் பக்கவாட்டில் எடுக்கப்பட்டது. மேலிருந்து எடுத்த இரண்டு படங்கள் என்னிடம் உள்ளன; தோழி விரும்பினால் இன்றிரவே அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்