பூனைக்கு மருந்து ஏதும் கொடுத்தீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார்கள்

புதிய மிருகவைத்தியர் (யாழ்ப்பாணம்) கேட்டது:

வணக்கம். பேராதனையில் படித்து முடித்து யாழ்ப்பாணத்தில் நாய், பூனை பார்க்கும் ஒரு கிளினிக்கில் சேர்ந்து 8 மாதம் ஆகிறது. இங்கே இருக்கும் மூத்தவர்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

போன மாதம் ஒரு அம்மா கடுவன் பூனை ஒன்றைத் தலையணை உறைக்குள் வைத்துத் தூக்கி வந்தார். மூன்றரைக் கிலோ இருக்கும். முதல் நாள் இரவிலிருந்து சாப்பாடு இல்லை, மூச்சு வாங்குகிறது, முகம் வீங்கியிருக்கிறது. மருந்து ஏதும் கொடுத்தீர்களா என்று கேட்டேன். “ஒண்டும் குடுக்கேல்லை டொக்டர்” என்றார். திரும்பவும் கேட்டேன், அதே பதில். பூரானோ குளவியோ கடித்திருக்கும் என்று நினைத்து அந்த வழியிலேயே கொஞ்ச நேரம் போனேன். அப்புறம் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் முரசு (ஈறு) மண் நிறமாக இருந்தது. இரத்தம் எடுத்தேன். சிரிஞ்சுக்குள் ஏறியது கோப்பி நிறம். அப்போதுதான் “பனடோல் குடுத்தனீங்களோ?” என்று கேட்டேன். “ஓம், மேல் சுட்டது, அரைக் குளிசைதான் குடுத்தது” என்றார்.

அரைக் குளிசை என்றால் 250 மில்லிகிராம். அந்தப் பூனைக்குக் கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேலே. பனடோலில் இருக்கும் பரசிற்றமோலை மாற்றி வெளியேற்றும் வலு பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு, கிலோவுக்கு 10 மில்லிகிராமே ஆபத்தாகலாம். மாற்றுமருந்து தொடங்கினோம், நேரம் கடந்துவிட்டது. பின்னேரம் செத்துப்போனது.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. அவர் வீட்டில் பனடோல் ஒரு மருந்தே இல்லை, சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிற சாமான். நான் ஆங்கிலத்தில் படித்த கேள்விகளைத் தமிழாக்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவை வீடுகளுக்குள் போய்ச் சேரவில்லை. நீங்கள் எப்படி ஹிஸ்டரி (நடந்ததைக் கேட்டறிவது) எடுக்கிறீர்கள்? ஒருவருக்கு 15 நிமிடம்தான் கிடைக்கிறது, வெளியே 10 பேர் இருக்கிறார்கள்.

கோண்டாவிலான் எழுதியது:

பிள்ளை, வலிகாமத்தில் 22 வருடமாக இந்த வேலை செய்கிறேன். எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. மருந்து என்ற சொல்லை என் கேள்வியிலிருந்தே எடுத்துவிட்டேன். உரும்பிராய், இணுவில் பக்கம் தோட்டக்காரரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் வெங்காயத்துக்கு அடிப்பதைத்தான் நினைப்பார்கள். குசினியில் இருக்கும் பனடோல் அவர்கள் நினைவுக்கு வராது. அதனால் பெயர் சொல்லிக் கேளுங்கள். பனடோல் குடுத்தனீங்களோ? உண்ணிக்கு ஏதும் ஊத்தினதோ, பூசினதோ? வேப்பெண்ணெய்? மஞ்சள்? போன முறை வேறு நாய்க்கு வாங்கி மிஞ்சின குளிசை? ஒவ்வொன்றுக்கும் தலையாட்ட நேரம் விடுங்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் பூசியதையும் இப்படித்தான் கண்டுபிடிப்பீர்கள். அதில் பேர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி இருந்தால் பூனை நடுங்கத் தொடங்கிவிடும்.

நான் முதலில் கேட்பது ஒரே ஒரு கேள்வி. “நேற்று விடிய எழும்பினதிலயிருந்து சொல்லுங்கோ.” என்ன வருத்தம் என்று கேட்டால் அவர்கள் தங்கள் முடிவைச் சொல்வார்கள், “சூடு பிடிச்சிட்டுது”, “பக்கத்து வீட்டான் நஞ்சு வைச்சிட்டான்” என்று. நேற்றைய நாளைக் கேட்டால் கண்டதைச் சொல்வார்கள். எங்கே படுத்திருந்தது, பழஞ்சோறு வைத்ததும் ஓடி வந்ததா, மணந்து பார்த்துவிட்டுத் திரும்பியதா, எத்தனை தடவை சத்தி எடுத்தது, சத்தியில் என்ன கிடந்தது, வளவில் எந்த மூலையில் இருந்தது. அவர்கள் சொல்லும்போது நாயைத் தொட மாட்டேன். நிலத்தில் விட்டுவிட்டு அதன் நடையையும் மூச்சையும் பார்ப்பேன். மூன்று நிமிடம்கூட ஆகாது. உங்கள் 15 நிமிடத்தில் இந்த மூன்றை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காலக்கணக்கையும் அவர்கள் நாட்காட்டியிலேயே கேளுங்கள். 6 வயதுப் பெட்டை நாய் ஒன்று வந்தது. சோறு வேண்டாம், கிணத்தடியில் தேங்கிய தண்ணீரையெல்லாம் குடிக்கிறது, சத்தி. கடைசி ஹீட் (இணைசேரும் பருவம்) எப்போது என்று கேட்டதற்கு, கொண்டு வந்த ஐயா முழித்தார். “படலையடியில கடுவன் நாயள் வந்து நிண்டது எப்ப?” என்றேன். உடனே சொன்னார், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இரண்டு மூன்று நாள் முதல், இரவெல்லாம் குரைச்சல், நித்திரை இல்லை என்று. எண்ணிப் பார்த்தால் 6 கிழமை. ஹீட் முடிந்து ஒன்று இரண்டு மாதத்துக்குள் இந்த மாதிரி வந்தால் கருப்பையில் சீழ் என்பதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஸ்கேனில் அப்படியே இருந்தது. அன்றைக்கே வெட்டி எடுத்தோம், பிழைத்தது.

இன்னொன்று. கொண்டு வருகிறவர் வேறு, சோறு வைக்கிறவர் வேறு. ஓட்டோவில் ஏற்றி வந்த மருமகனுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு ஒரு போன் போட்டு அம்மம்மாவைக் கேளுங்கள்.

வடமராட்சி மிருகவைத்தியர் எழுதியது:

மேலே உள்ளதோடு ஒத்துப்போகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், தயவுசெய்து இதை இலேசாக எடுக்க வேண்டாம்.

கீழ்த்தாடை தொங்க, வீணீர் வடிய ஒரு நாயைக் கொண்டு வந்து “தொண்டையில எலும்பு சிக்கிட்டுது” என்பார்கள். வாய்க்குள் கை விட முன் கேளுங்கள். கடந்த ஆறேழு மாதத்தில் வேறு நாய் கடித்ததா? குரல் மாறியதா? கட்டிலுக்குக் கீழே ஒளிகிறதா, தடி, கல் என்று கடிக்கிறதா? விசர்நோய் எலும்பு சிக்கினது மாதிரியே வரும். அடுத்த கேள்வி, வீட்டில் யார் யார் அதன் வாய்க்குள் கை விட்டது? பெரும்பாலும் ஒருவர் விட்டிருப்பார். சந்தேகம் இருந்தால் அவர்களைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லி, அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். உங்கள் சொந்தத் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும்.

“எல்லா ஊசியும் போட்டாச்சு” என்பதையும் நம்பி எழுத வேண்டாம், அட்டையை வாங்கிப் பாருங்கள். பல வீடுகளில் ஊசி என்றால் ஊருக்கு வந்து போட்ட விசர் ஊசி ஒன்றுதான். பாவோ என்ற வைரஸ் நோய்க்குக் குட்டிக்கு ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, 16 கிழமை வரைக்கும் மூன்று நான்கு கிழமைக்கு ஒருதடவை போட வேண்டும். அதைத் தனியாகக் கேட்டால்தான் “அது போடேல்லை” என்பார்கள்.

கொக்குவில் அம்மா எழுதியது:

நான் வைத்தியர் இல்லை. மகள் கனடாவில், அவளுடைய நாயை நான் பார்க்கிறேன். நாங்கள் ஏன் முழுவதையும் சொல்வதில்லை என்று எழுதலாம் என நினைத்தேன்.

கிளினிக்குக்குப் போனதும் மகள் வீடியோக் கோலில் வந்துவிடுவாள். டொக்டர் என்னிடம் கேட்பதற்கெல்லாம் அவளே பதில் சொல்வாள், அவள் வாங்கி அனுப்பிய சாப்பாட்டின் பெயரைச் சொல்வாள். நான் அந்தச் சாப்பாட்டைக் குறைத்துச் சோறும் மீன்தலையும் வைக்கிறேன் என்பதை அவள் முன்னால் எப்படிச் சொல்வது? போன தடவை டொக்டர் தம்பி போனை மகளிடம் பேசி வைத்துவிட்டு, “அம்மா, இஞ்ச கனபேர் மீன்தலை போடுறவை, நீங்கள் என்ன போடுறனீங்கள்?” என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அதட்ட மாட்டார் என்று தெரிந்தபிறகு சொல்வது கஷ்டமாக இல்லை.

புதிய மிருகவைத்தியர் (யாழ்ப்பாணம்) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மா, நீங்கள் எழுதியதை எங்கள் கிளினிக்கில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

நேற்று வந்த ஏழு பேரிடமும் பனடோல் என்று பெயர் சொல்லி, “கனபேர் குடுக்கிறவை” என்று தொடங்கிக் கேட்டேன். ஒரு அக்கா நாய்க்குக் கொடுத்ததாகச் சொன்னார், எத்தனை, எப்போது என்று எழுதிக்கொண்டேன். கடைசியாக வந்தவர் வயதான ஐயா, மடியில் ஒரு பூனை. முதலில் இல்லை என்றார். கொஞ்சம் பொறுத்துச் சேர்ட் பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலம் எடுத்து விரித்தார். உள்ளே கத்தியால் வெட்டின அரைக் குளிசை. “நாளைக்கும் சாப்பிடாட்டிக் குடுப்பம் எண்டு வைச்சிருந்தனான்” என்றார். அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.